பழைய ஸ்ப்ளெண்டர்: கடையில் ஸ்டார்ட் ஆகிறது, வீட்டு வாசலில் ஆகவில்லை (கடலூர்)

கெடிலம்_கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், புதுச்சேரிப் பதிவு, பிஒய் 01. போன மாதம் புதுச்சேரியில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். ஆர்சி 2028 வரை புதுப்பித்திருக்கிறது, கடன் பாக்கி எதுவும் இல்லை. ஆறேழு மாதம் ஓட்டாமல் நின்ற வண்டி என்று சொல்லித்தான் கொடுத்தார். என் கண் முன்னாலேயே உதைத்துக் காட்டினார், ஒரே உதையில் பிடித்தது. அங்கிருந்து ஓட்டிக்கொண்டே வந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், எங்கேயும் மக்கர் பண்ணவில்லை. ஆல்பேட்டை தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மட்டும் பட்டென்று அணைந்தது. மறுபடி உதைத்தேன், பிடித்துக்கொண்டது. ஐட்லிங் குறைவாக இருக்கும் போல என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து தொல்லைதான். வாசலில் வைத்து எவ்வளவு உதைத்தாலும் அசைவே இல்லை. சோக் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஸ்பார்க் பார்த்துவிட்டு மாட்டினார். முதல் உதையிலேயே பிடித்தது! "ஸ்பார்க் நல்லாத்தான் வருது, பேட்டரி வீக்கா இருக்கு, மாத்திடுங்க" என்றார். வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அடுத்த நாள் காலையில் பழைய கதைதான்.

எனக்கு சிப்காட்டில் காலை ஷிப்ட். இந்த வண்டியை நம்பிக் கிளம்ப முடியவில்லை. பேட்டரி மாற்றுவதா, ஸ்பார்க்கைக் கொடுக்கும் சிடிஐ பெட்டியை மாற்றுவதா, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரைப் பிரிப்பதா? கையில் அதிகம் பணம் இல்லை. எதை முதலில் செய்வது என்று சொல்லுங்கள்.

பழைய_100சிசி (லாஸ்பேட்டை)

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்: பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் அழுத்தம், இருக்கிறதா. எதில் கோளாறு என்று தெரியாமல் சாமான் மாற்றினால் பணம்தான் போகும்.

நாளைக் காலை வண்டி பிடிக்காத அந்த நேரத்திலேயே இதைச் செய்து பாருங்கள். சோக் போட்டு நன்றாக உதைத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். முனை ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். உலர்ந்து கிடந்தால் பெட்ரோலே போகவில்லை.

அப்புறம் கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். வருவது பெட்ரோலா தண்ணீரா என்று பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் தெரிந்துவிடும். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். இதைச் செய்யும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் திண்ணென்று எதிர்த்து நிற்க வேண்டும். கத்தரிக்காயை அமுக்குவது போல மெத்தென்று இறங்கினால் வால்வு, ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டை_ஆர்எக்ஸ்

எனக்கென்னவோ சிடிஐ மேல்தான் சந்தேகம். 20 வருடம் தாண்டிய வண்டி. உள்ளே இருக்கும் ஈயப் பற்று விட்டுப்போனால் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. சூடானால் ஒரு மாதிரி, ஆறினால் ஒரு மாதிரி. உங்கள் வண்டியும் காலையில் மட்டும்தானே பிடிக்கவில்லை? என் வண்டியில் சிடிஐ மாற்றித்தான் சரியானது.

உப்புக்காத்து (தேவனாம்பட்டினம்)

வீடு கடலுக்குப் பக்கமா நண்பரே? சில்வர் பீச் பக்கம் எங்கள் தெருவில் எல்லா வண்டிக்கும் இந்த வியாதி உண்டு. ராத்திரி ஈரக்காற்று அடித்தால் பிளக் கேப்பிலும் அதற்குப் போகும் தடித்த வயரிலும் ஈரம் படிந்து மின்சாரம் வெளியே கசிந்துவிடும். இருட்டில், வண்டி ஓடும்போது அந்த வயரையும் கேப்பையும் பாருங்கள். நீலமாக மினுக்கினால் கசிவு என்று அர்த்தம். கையால் தொட்டுவிடாதீர்கள்.

கேப்பை இடப்பக்கமாகத் திருகினால் வயரிலிருந்து கழன்று வரும். உள்ளே வயர் முனை பச்சை பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.

கெடிலம்_கரை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

பிளக் உலர்ந்து இருந்தது. ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் முதலில் டீ நிறத்தில் ஏதோ வந்தது, அப்புறம்தான் பெட்ரோல். பாட்டிலில் வைத்துப் பார்த்தேன், அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர், அதற்கும் அடியில் துருத்தூள். கிக்கர் நல்ல திண்மையாகத்தான் இருக்கிறது, ஏறி நின்றால் என் எடையைச் சற்று நேரம் தாங்குகிறது. பிளக் கேப் வயர் முனையை வெட்டித் திருகிவிட்டேன். இருட்டில் மினுக்கல் எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று. இன்று வாசலில் பிடிக்காமல் போனதும் தெருவில் தள்ளி, இரண்டாவது கியர் போட்டு கிளட்சை விட்டேன். பிடித்துவிட்டது. ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

வில்லியனூர்_பயணி

ஃப்ளோட் கிண்ணத்தில் தண்ணீர் என்றதும் எனக்கு வேறு கவலை வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வண்டிகள் சீட் வரைக்கும் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தேன். உங்கள் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோர ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றிருக்கிறார்கள். உங்களுடையது அதில் ஒன்றா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெளியே பார்த்தால் தெரியாது. ஹெட்லைட்டைக் கழற்றி அதன் ஓட்டுக்குள் பாருங்கள், வண்டல் கோடு போட்டிருக்கும். பக்கவாட்டு மூடிக்குள், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், சீட்டுக்கு அடியில் ஸ்பாஞ்சில் மண் இருக்கும். இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். காபியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது.

கெடிலம்_கரை

பார்த்துவிட்டேன் சார். ஆயில் கறுப்பாக இருக்கிறது, ஆனால் பால் நிறம் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியில் தூசிதான், வண்டல் இல்லை. ஹெட்லைட் ஓட்டுக்குள் பழைய சிலந்திக்கூடு அப்படியே இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அது இருக்காது இல்லையா?

வில்லியனூர்_பயணி

அது போதும். மூழ்கிய வண்டி இல்லை, நிம்மதி.

பழைய_100சிசி

சரி, அப்படியானால் தண்ணீர் டேங்கிலேயே ஊறியதுதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில், அதுவும் நம் கடற்கரைக் காற்றில் நிறுத்தினால், இழுத்த தண்ணீர் ஒரு கட்டத்துக்கு மேல் பெட்ரோலோடு கலந்து நிற்காமல் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இரும்பு டேங்கில் அது துருவைக் கிளப்பும். துரு வந்து பெட்ரோல் டேப்பின் வலையிலும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டிலும் அடைக்கும்.

டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். டேப்பைக் கழற்றி வலையைக் கழுவுங்கள். கார்பரேட்டரைப் பிரித்தால் நடுவில் இரண்டு பித்தளை ஜெட் இருக்கும். பெரியது மெயின், சின்னது பைலட். ஸ்டார்ட் ஆவதற்கும் ஐட்லிங்குக்கும் சின்னதுதான் முக்கியம். அதன் ஓட்டை மயிரிழைதான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட்டே வீண். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும். பக்கத்தில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றும் முன், உள்பக்கம் முழுக்கத் திருகி எத்தனை சுற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புது பெட்ரோல் ஊற்றும்போது முதல் ஒரு லிட்டரை டேங்கில் குலுக்கி வடித்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். டேங்க் மூடியில் காற்று போகும் துளையையும் பாருங்கள்.

கெடிலம்_கரை

இன்று லீவு. மதியம் முழுக்க இதே வேலைதான். பைலட் ஜெட் முழுக்க அடைத்துக் கிடந்தது, கிளீனர் அடித்து ஊதிய பிறகு ஒளி தெரிகிறது. டேப்பின் வலை துருவில் சிவந்து போயிருந்தது. எல்லாம் கழுவி மாட்டி, புது பெட்ரோல் ஊற்றினேன். சாயந்திரம் தெருவில் வைத்து உதைத்தேன், இரண்டாவது உதையில் பிடித்தது. ஐட்லிங் முன்பை விட அருமையாக நிற்கிறது.

நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கெடிலம்_கரை

காலை. பிடிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றினேன், இப்போது நனைந்து சொட்டுகிறது. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. தெருவில் தள்ளினேன், பிடித்துவிட்டது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, சாயந்திரம் வருகிறேன்.

முத்தியால்பேட்டை_ஆர்எக்ஸ்

நான் முதலிலேயே சொன்னேன், சிடிஐ. தள்ளினால் பிடிக்கிறது என்றால், தள்ளும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, கிக்கில் அந்த வேகம் வரவில்லை. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் மேக்னட் காயில் வீக்காக இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஒன்று சிடிஐ, இல்லையென்றால் காயில்.

பண்ருட்டி_பலா

பேட்டரியை மறந்துவிட்டீர்களே எல்லோரும். மெக்கானிக் பேட்டரி வீக் என்றுதானே சொன்னார்? ஹாரன் சத்தம் எப்படி இருக்கிறது?

ஒயர்மேன்_பாகூர்

நான் வயரிங் வேலை பார்ப்பவன். இதுவரை எழுதியதை முதலிலிருந்து படித்தேன். தம்பி, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. வாசலில் வண்டி நிற்கும்போது ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் சொன்னதில் ஒன்று எல்லோர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அவ்வளவு தூரம் நிற்காமல் வந்த வண்டி, தெருவுக்குள் திரும்பும்போது பட்டென்று அணைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கார்பரேட்டர் கோளாறில் அணையும் வண்டி இருமி, திணறித்தான் அணையும். பட்டென்று அணைந்தால் அது ஸ்பார்க் அறுந்த மாதிரி. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஹேண்டில் நேராக இருந்திருக்கும், அங்கே பிடிக்கிறது. தெருவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணும்போதும் நேராக இருக்கும், அங்கேயும் பிடிக்கிறது. சாயந்திரம் தெருவில் வைத்து உதைத்தீர்கள், அதுவும் பிடித்தது. நேரம், ஈரம், சூடு, இன்ஜின் வேகம் என்று இதுவரை வந்த காரணம் எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு இடத்தில் பொருந்தாமல் போகிறது. ஹேண்டில் மட்டும் எல்லா இடத்திலும் பொருந்துகிறது.

பேட்டரி பற்றி: உங்கள் வண்டியின் காலத்து ஸ்ப்ளெண்டரில் சிடிஐக்கு மின்சாரம் மேக்னட்டுக்குள் இருக்கும் தனிக் காயிலிலிருந்து வருகிறது, பேட்டரியிலிருந்து வருவதில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு உதைத்தாலும் வண்டி பிடிக்கும். ஹாரன், இண்டிகேட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். பின்னால் வந்த வண்டிகளில் பேட்டரியை நம்பியிருக்கும் டிசி சிடிஐ உண்டு, அங்கே பேட்டரி இறங்கினால் ஸ்பார்க்கும் போகும். அதனால் இதை எல்லா வண்டிக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெடிலம்_கரை

அண்ணா, எங்கள் வீட்டு நடை குறுகல். ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து லாக் போட்டால்தான் ஆள் போக வர வழி இருக்கும். காலையில் லாக்கை எடுத்துவிட்டு அப்படியே நின்று உதைப்பேன். இடப்பக்கம்தான் திரும்பியிருக்கும். எங்கள் தெருவுக்குள்ளும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும்.

ஒயர்மேன்_பாகூர்

அப்படியானால் இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் மரை இருக்கும் உலோகப் பகுதி இன்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து ஒரு செம்புக் கம்பியால் கட்டிவிடுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி இருக்கட்டும், உதைக்கும்போது அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பிளக்கை எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்காதீர்கள், சிடிஐக்கு ஆகாது. சாவியைப் போட்டு ஹேண்டிலை நேராக வைத்து ஒருவர் உதைக்க, இன்னொருவர் பிளக் முனையைப் பார்க்கட்டும். அப்புறம் இடது கடைசி வரைக்கும் திருப்பி உதையுங்கள். பிறகு வலது.

கெடிலம்_கரை

என் தம்பியை வைத்துப் பார்த்தேன். நேராக இருக்கும்போது பளிச்சென்று நீலமாக, டிக் டிக் என்று சத்தத்தோடு ஸ்பார்க். வலப்பக்கம் திருப்பினாலும் அதே மாதிரி. இடப்பக்கம் கடைசி வரை திருப்பினால் சுத்தமாக இல்லை!! மெதுவாகத் திருப்பிக்கொண்டே உதைத்தேன், லாக் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அணைகிறது. நேராக்கினால் திரும்ப வருகிறது.

நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது அண்ணா. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முத்தியால்பேட்டை_ஆர்எக்ஸ்

அருமை. சிடிஐ இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், சாவி சுவிட்சுக்குப் போகும் வயர் அறுந்திருந்தால் ஸ்பார்க் வராமல் போகும், சரி. அப்படியானால் அறுந்த வயரைத் தேட வேண்டுமா?

ஒயர்மேன்_பாகூர்

இல்லை, இங்கேதான் நிறைய பேர் தடம் மாறிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஃபேன் சுவிட்ச் போட்டால் மின்சாரம் போகும், அணைத்தால் அறுபடும். இந்த வண்டியின் சாவி சுவிட்ச் ஸ்பார்க் விஷயத்தில் அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. சிடிஐயிலிருந்து கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் சாவி சுவிட்சுக்கு வருகிறது. சாவியை அணைத்தால் சுவிட்ச் அந்த வயரைப் பச்சை வயரோடு, அதாவது எர்த்தோடு சேர்த்துவிடும். காயிலின் மின்சாரம் எர்த்துக்கு ஓடிவிடும், ஸ்பார்க் நிற்கும். சாவியைப் போட்டால் அந்தத் தொடர்பைப் பிரித்துவிடும், ஸ்பார்க் வரும். எனவே கறுப்பு வெள்ளை வயர் நடுவில் அறுந்தால் வண்டி நிற்காது, சாவியை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்! அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால்தான் ஸ்பார்க் போகும். வண்டிக்கு அது யாரோ சாவியை அணைத்த மாதிரி.

இப்போது இரண்டு படியாகப் பாருங்கள். ஹெட்லைட் ஓட்டுக்குள் சாவி சுவிட்சிலிருந்து வரும் சாக்கெட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் வைத்து ஸ்பார்க் பாருங்கள். வந்தால் கோளாறு சுவிட்சுக்குள்ளோ அதிலிருந்து சாக்கெட் வரை வரும் வயரிலோ. வரவில்லை என்றால் அடுத்த படி: சிடிஐ பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளை வயரை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் கோளாறு இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள வயரில்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வயரை இரண்டு முனையிலும் பிரித்துவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை அதிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து பீப் சத்தத்தில் பாருங்கள். சத்தமே வரக்கூடாது. ஹேண்டிலைத் திருப்பும்போது கத்தினால் அங்கேதான் உரிந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வயரைப் பிரித்த நிலையில் யார் உதைத்தாலும் சாவி இல்லாமலே வண்டி பிடிக்கும், சாவியால் அணைக்கவும் முடியாது. தவறி ஸ்டார்ட் ஆகிவிட்டால் பிரேக்கைப் பிடித்து, கடைசிக் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு அணையுங்கள்.

உப்புக்காத்து

இவ்வளவு நாள் சாவி சுவிட்ச் மின்சாரத்தைக் கொடுக்கிறது என்றே நினைத்திருந்தேன். இதை எடுத்து வைத்துக்கொள்கிறேன் அண்ணா.

கெடிலம்_கரை

கண்டுபிடித்துவிட்டோம். ஹெட்லைட்டுக்குள் சாக்கெட்டைக் கழற்றினேன், இடப்பக்கம் ஸ்பார்க் வரவில்லை. சிடிஐ பக்கம் வயரைப் பிரித்தேன், எந்தப் பக்கம் திருப்பினாலும் பளீரென்று வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் மீட்டர் வாங்கி வைத்தேன். லாக்குக்குக் கொஞ்சம் முன்னால் கத்த ஆரம்பித்து, லாக் வரை விடாமல் கத்துகிறது.

டேங்கை இறக்கி, ஹேண்டில் கழுத்துப் பக்கம் வயர் கட்டைப் பார்த்தேன். யாரோ முன்பு ஆக்சிலேட்டர் கேபிளையும் வயர் கட்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஹேண்டில் இடப்பக்கம் போகும்போது வயர் கட்டுக்கு நீள இடம் இல்லை. ஃபிரேமில் வெல்டிங் மேடாக இருக்கும் இடத்தில் போய் அழுந்தி உரசுகிறது. அந்த இடத்தில் ஃபிரேம் பெயின்ட் போய் பித்தளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. கறுப்பு உறையைக் கீறிப் பார்த்தால் மூன்று வயர்கள் தேய்ந்திருக்கின்றன. இரண்டில் தோல் மெலிந்ததோடு சரி. கறுப்பு வெள்ளையில் ஒரு நெல்மணி நீளத்துக்குத் தோல் சுத்தமாகப் போய், உள்ளே செம்பு பச்சை பூத்து, சில இழைகள் அறுந்தும் இருக்கின்றன.

மாதக்கணக்கில் ஹேண்டில் லாக் போட்டு நின்ற வண்டி என்பதால் அந்த இடத்திலேயே அழுந்திக் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா?

ஒயர்மேன்_பாகூர்

டேப் மட்டும் போதாது. நம் ஊர் வெயிலில் பசை இளகி வழுக்கிவிடும், அப்புறம் உப்புக்காற்று உள்ளே போய் மிச்சம் இருக்கும் செம்பையும் தின்னும். பச்சை பூத்த துண்டை இரண்டு பக்கமும் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். அதே தடிமனில் ஒரு துண்டு வயர் வைத்து இரண்டு முனையிலும் ஈயம் வையுங்கள். ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே சூட்டில் சுருங்கும் ஸ்லீவை வயரில் கோத்துவிடுங்கள், பிறகு கோக்க முடியாது. துண்டு விரற்கடை நீளம் கூடுதலாகவே இருக்கட்டும், திரும்பும்போது இழுபடக் கூடாது. மெலிந்த மற்ற இரண்டுக்கும் வெட்டாமல் தரமான டேப்பைச் சுற்றி, மூன்றையும் சேர்த்து ஒரு உறைக்குள் விடுங்கள்.

அந்த டையை வெட்டி எறியுங்கள். வயர் கட்டு கழுத்தைச் சுற்றித் தளர்வாகப் போக வேண்டும். கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு கடைசிக்கும் திருப்பி, எங்கும் இழுபடவில்லை, எங்கும் நசுங்கவில்லை என்று கண்ணால் பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிளையும் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் வேகம் தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அதோடு ஓட்டக் கூடாது. ஃபிரேமில் பெயின்ட் போன இடத்தில் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

கெடிலம்_கரை

முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஈயம் வைத்துக் கொடுத்தார். இன்று காலை நடையிலேயே, ஹேண்டில் இடப்பக்கம் ஒடித்தபடியே, சோக் போட்டு உதைத்தேன். முதல் உதையில் பிடித்தது. அப்படியே நிற்க வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

செலவு ஸ்லீவ், ஒரு முழம் வயர், கார்பரேட்டர் கிளீனர், கீழே கொட்டிய பெட்ரோல், அவ்வளவுதான். பேட்டரியும் சிடிஐயும் வாங்கியிருந்தால் இந்தப் பணத்தைப் போல எத்தனையோ மடங்கு போயிருக்கும், வண்டியும் பிடித்திருக்காது. ஒயர்மேன் அண்ணா, லாஸ்பேட்டை அண்ணா, உங்களை நேரில் பார்த்தால் டீ வாங்கித் தராமல் விடமாட்டேன்.

பழைய_100சிசி

மிக்க மகிழ்ச்சி தம்பி. டேங்கில் துரு இன்னும் கொஞ்சம் இருக்கும். பெட்ரோல் குழாயில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டுவிடுங்கள். முதல் சில வாரம் ஃப்ளோட் கிண்ணத்தை அவ்வப்போது வடித்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுப் போங்கள். கறுப்பான அந்த ஆயிலையும் மாற்றுங்கள்.

வில்லியனூர்_பயணி

வண்டி ஓடிவிட்டது, இனி காகிதத்தையும் பாருங்கள். ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? இன்சூரன்ஸை வாங்கிய 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும், அது தாண்டியிருந்தால் உடனே போய்ப் பாருங்கள். பிஒய் 01 வண்டியை 12 மாதத்துக்கு மேல் கடலூரில் வைத்து ஓட்டினால் டிஎன் எண் வாங்க வேண்டும். புதுச்சேரியில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29ம் 30ம் கையில் இருக்க வேண்டும். அவர் இடம் மாறிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

கெடிலம்_கரை

29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் சார். வாரக்கடைசியில் புதுச்சேரி போகும்போது என்ஓசிக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன். இன்சூரன்ஸ் நாளைக்கே.

பண்ருட்டி_பலா

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2021 வண்டி, பிஎஸ் 6. மழையில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃபும் சுற்றவில்லை. இதே மாதிரி கறுப்பு வெள்ளை வயரைத் தேடட்டுமா?

ஒயர்மேன்_பாகூர்

வேண்டாம் நண்பரே. உங்களுடையதில் பெரும்பாலும் கார்பரேட்டர் இருக்காது, பெட்ரோலைப் பம்ப் வைத்துப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன்தான் இருக்கும். அங்கே ஸ்பார்க், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் காதை வையுங்கள், பம்ப் ஒரு சில விநாடி ஊய்ங் என்று கேட்கும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஃப்யூஸ், பேட்டரி முனை இரண்டையும் பாருங்கள். பம்ப் கேட்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் பக்கம் போங்கள், மழையில் அவைதான் முதலில் நனையும். வண்டிப் பெயரையும் பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பதையும் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.